பரங்கிமலைக்கு ஒரு கோடு

அண்ணா சாலைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது நான் கணிதம் கற்பிக்கும் கல்லூரி. அங்கே மாதத்தில் ஒரு மாலை எல்லாத் துறையினரும் ஒரே தலைப்பைப் பற்றிப் பேசுவது என்று ஓர் ஏற்பாடு உண்டு. தலைப்பு எந்தத் துறைக்கும் தனிச் சொத்தாக இருக்கக் கூடாது. எந்தத் துறையும் ‘இது எங்களுக்கில்லை’ என்று நழுவும்படியும் இருக்கக் கூடாது. எங்கள் முறை வந்தபோது ‘கிரேஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன். நளினம், அருள், கருணை மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான். அதில் என் சுயநலமும் உண்டு. நான் முனைவர் பட்டம் வாங்கியது கிரேஸ்ஃபுல் லேபிளிங் என்ற சின்னஞ்சிறு மூலையில். என்ன ஆராய்ச்சி என்று உறவினர்கள் கேட்டால் “புள்ளிகளுக்கு எண் கொடுப்பது” என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துப் பழகியவள் நான்.

அரங்கு நிறைந்துவிட்டது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அறிவிப்புப் பலகையைப் பார்த்த மாணவர்கள், தேர்வுத் துறை கருணை மதிப்பெண் பற்றி ஏதோ சொல்லப்போகிறது என்று நம்பி வந்திருந்தார்கள். எதற்காக வந்தால் என்ன, வந்தார்களே என்று இருந்துவிட்டேன்.

இதே போன்ற கூட்டங்களைப் பிறகு வேறு இடங்களிலும் நடத்தியிருக்கிறேன். நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும், கிரேஸ்ஃபுல் லேபிளிங்கில் கால் வைக்க நினைக்கும் மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று, கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று: வரையறையைச் சொல்லித் தொடங்காதீர்கள். கேரம் காய்களில் எண் ஒட்டிக் கொண்டுபோனேன். ஒரு தாளில் ஐந்து புள்ளிகள், வரிசையாக. அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் நான்கு கோடுகள். காய்கள் 0 முதல் 4 வரை. ஒரு புள்ளிக்கு ஒரு காய். ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் இரண்டு முனை எண்களின் வித்தியாசத்தை எழுத வேண்டும். கோடுகளில் 1, 2, 3, 4 எல்லாம் வர வேண்டும். எதுவும் இரண்டு முறை வரக் கூடாது. கிரேஸ்ஃபுல் லேபிளிங்கின் விதி இவ்வளவுதான். கோடுகள் எத்தனையோ, அந்த எண் வரைக்கும் 0 முதல் காய்கள் கிடைக்கும். வித்தியாசங்கள் 1 முதல் அந்த எண் வரை விடாமல் வர வேண்டும். பெரும்பாலானோர் 0, 1, 2 என்று வரிசையாக அடுக்கிவிட்டு, எல்லாக் கோட்டிலும் 1 வருவதைப் பார்த்துச் சிரித்தார்கள். முதலில் முடித்தவள் ஆங்கில இலக்கிய மாணவி: 0, 4, 1, 3, 2. வித்தியாசங்கள் 4, 3, 2, 1. “இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வைத்தேன் மேடம்” என்றாள். எத்தனை புள்ளிகள் உள்ள நேர்வரிசையானாலும் இந்த முறை பலிக்கும். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் எடுக்கும் தேற்றத்தை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

கையால் எண் கொடுக்கும்போது ஒரு பழக்கம் மிகவும் உதவும். சிறிய வித்தியாசத்திலிருந்து தொடங்குகிறவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்வார்கள், பெரியதிலிருந்து தொடங்குங்கள். ஆறு கோடுகள் என்றால், 6 என்ற வித்தியாசம் 0க்கும் 6க்கும் நடுவில்தான் வர முடியும், வேறு வழியே இல்லை. ஆகவே அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். அடுத்து 5: ஒன்று 0க்கும் 5க்கும் நடுவில், இல்லையென்றால் 1க்கும் 6க்கும் நடுவில். மேலிருந்து இறங்கும்போது தேர்வுகள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன. கீழிருந்து ஏறினால் 1 என்ற வித்தியாசத்துக்கே ஆறு ஜோடிகள் வந்து நிற்கும். இன்னொன்று: விடை ஒன்று கிடைத்துவிட்டால், ஒவ்வொரு எண்ணையும் 6இலிருந்து கழித்துப் போட்டாலும் அதுவும் விடைதான். ஆகவே தேடுவதில் பாதி வேலை மிச்சம்.

நேர்வரிசைக்குப் பிறகு முக்கோணம் கொடுத்தேன்: 0, 1, 3. பிறகு சதுரம்: 0, 4, 1, 2 என்று சுற்றி வந்தால் சரியாக இருக்கும். இரண்டையும் முடித்த உற்சாகத்தில் இருந்தவர்களிடம் ஐங்கோணத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். இதில் அளவு முக்கியம். முடியாத கணக்கை எடுத்த எடுப்பில் கொடுத்தால் அவமானமாகிவிடும். சில வெற்றிகளுக்குப் பிறகு கொடுத்தால்தான் ‘நமக்குத் தெரியவில்லை’ என்ற நினைப்பு மெல்ல ‘இதற்கு விடை இருக்கிறதா?’ என்ற சந்தேகமாக மாறும். அந்தச் சந்தேகம் யாராவது ஒருவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்று அதைக் கேட்டவர் வணிகவியல் துறைத் தலைவர்.

அப்போதுதான் மெட்ரோ வரைபடத்தைத் திரையில் போட்டேன். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் நீலத் தடமும் பச்சைத் தடமும் இரண்டே இடங்களில் சந்திக்கின்றன: சென்ட்ரல், ஆலந்தூர். ஆகவே நடுவில் ஒரு வளையம். சென்ட்ரலில் நீலத் தடத்தில் ஏறினால் அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு என்று போய்ப் பத்தாவது நிறுத்தம் ஆலந்தூர். பச்சையில் ஏறினால் எழும்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி என்று சுற்றிக்கொண்டு பதினைந்தாவது நிறுத்தம் ஆலந்தூர். மொத்தம் 25 நிலையங்கள், 25 கோடுகள். இந்த வளையத்துக்கு 0 முதல் 25 வரையிலான எண்களால் கிரேஸ்ஃபுல் விடை கிடைக்குமா?

கிடைக்காது. காரணத்தை யாரும் புரிந்துகொள்ளலாம். சென்ட்ரலில் புறப்பட்டு வளையத்தை ஒரு சுற்று சுற்றி மறுபடி சென்ட்ரலுக்கே வாருங்கள். வழியில் நிலைய எண் சில இடங்களில் ஏறும், சில இடங்களில் இறங்கும். புறப்பட்ட எண்ணுக்கே திரும்பிவிட்டதால், ஏறியதன் மொத்தமும் இறங்கியதன் மொத்தமும் சமம். இரண்டையும் கூட்டினால் கட்டாயம் இரட்டைப்படை எண். ஆனால் வித்தியாசங்கள் 1 முதல் 25 வரை எல்லாம் வர வேண்டுமென்றால் அவற்றின் கூட்டுத்தொகை 325. ஒற்றைப்படை. கதை முடிந்தது. ஐங்கோணத்திலும் இதேதான்: 1 முதல் 5 வரை கூட்டினால் 15. ஒரு வளையத்தின் நீளத்தை நான்கால் வகுத்தால் மீதி 1 அல்லது 2 வருமானால் அதற்குக் கிரேஸ்ஃபுல் விடை இல்லை. மீதி 0 அல்லது 3 வந்தால் உண்டு. 1967இல் அலெக்சாண்டர் ரோசா என்ற கணிதவியலாளர் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது.

அரங்கில் ஓர் ஆற்றாமை தெரிந்தது. தங்கள் ஊர் மெட்ரோவுக்கு ஏதோ குறை சொல்லிவிட்டாற்போல. உடனே அடுத்த கேள்வியைப் போட்டேன்: ஆலந்தூரிலிருந்து, பச்சைத் தடத்தின் அடுத்த நிலையமான பரங்கிமலைக்கு ஒரே ஒரு கோடு நீட்டினால்? ஐங்கோணத்தில் முதலில் பார்ப்போம். ஒரு மூலையில் ஒரு வால் ஒட்டுங்கள். இப்போது ஆறு கோடுகள், 0 முதல் 6 வரை காய்கள். வளையத்தில் 0, 6, 1, 5, 2 என்று வைத்து மறுபடி 0க்கு வந்தால் வித்தியாசங்கள் 6, 5, 4, 3, 2. மிச்சம் 1. அதை 2இலிருந்து நீட்டிய வாலின் நுனியில் 3 போட்டு எடுத்துக்கொள்ளலாம். முடிந்துவிட்டது. ஒற்றைப்படைச் சங்கடம் முழுவதையும் அந்த வால் வாங்கிக்கொண்டது. மெட்ரோ வளையத்துக்கும் பரங்கிமலைக் கோடு ஒன்று போதும். ஒரு வளையத்தில் ஒரு வால் ஒட்டிய உருவத்துக்கு ‘டிராகன்’ என்று பெயர். எல்லா டிராகன்களும் கிரேஸ்ஃபுல் என்பதை 1984இல் ட்ருஷ்சின்ஸ்கி நிறுவியிருக்கிறார். தனி வளையங்களைத் தவிர, ஒரே ஒரு வளையம் உள்ள மற்ற எல்லா உருவங்களும் கிரேஸ்ஃபுல்தான் என்பது அவருடைய ஊகம். விம்கோ நகர் பணிமனை வரை போகும் நீண்ட வால், விமான நிலையம் வரை போகும் குட்டி வால், பரங்கிமலை எல்லாவற்றையும் சேர்த்தால் முதல் கட்டத்தில் 41 நிலையங்கள், 41 கோடுகள். ஊகம் சரியென்றால் அதற்கும் விடை உண்டு. 42 எண்களில் ஒன்று மட்டும் வெளியே நிற்கும்.

யாராவது ஒருவர் கட்டாயம் கோலத்தை இழுப்பார். அன்றும் இழுத்தார்கள். நான் அதை ஏற்பதில்லை. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகிறது. இங்கே கோடு புள்ளியில் போய் முட்டுகிறது. அங்கே எண்ணுக்கு வேலையே இல்லை. தமிழ்நாட்டில் புள்ளி என்றதும் கோலம் என்று சொல்லிவிட்டுச் சிந்தனையை மூடிவிடும் பழக்கம் எங்கள் கருத்தரங்குகளைப் பிடித்த பீடை.

இந்தத் துறை பிறந்த கதையையும் கொஞ்சம் சொன்னேன். கெர்ஹார்ட் ரிங்கல் 1963இல் ஒரு கேள்வி கேட்டார். வளையமே இல்லாமல் கிளைத்துப் போகும் உருவத்தை நாங்கள் மரம் என்போம். n கோடுகள் உள்ள ஏதாவது ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2n+1 புள்ளிகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்துவிடுங்கள். அத்தனை கோடுகளையும் அந்த மரத்தின் நகல்களாக, மிச்சம் மீதி இல்லாமல், பிரித்துவிட முடியுமா? மரத்துக்குக் கிரேஸ்ஃபுல் எண்கள் கிடைத்துவிட்டால் இது சுலபம்: எண்களின்படி மரத்தை வட்டத்தில் வைத்து, ஒவ்வொரு புள்ளியாகத் திருப்பிக்கொண்டே வந்தால் போதும். ரோசா இந்த எண் முறையைக் கண்டது அதற்காகத்தான். அவர் அதற்கு வைத்த பெயர் பீட்டா மதிப்பீடு. அழகான பெயரைச் சூட்டியவர் சாலமன் கோலொம், 1972இல். எல்லா மரங்களும் கிரேஸ்ஃபுல் என்பது இன்று வரை நிரூபிக்கப்படாத ஊகம். இதை நிரூபிக்க அலைவதை ஒரு வியாதி என்றே அன்டன் கோட்சிக் சொன்னார்; அவரும் அதே வியாதிக்காரர்தான். 35 புள்ளிகள் வரை உள்ள மரங்கள் அத்தனையும் கிரேஸ்ஃபுல் என்று கணினியால் சரிபார்த்திருக்கிறார்கள். 2020இல் மாண்ட்கோமரி, பொக்ரோவ்ஸ்கி, சுடகோவ் மூவரும் ரிங்கலின் கேள்விக்கு, போதுமான அளவு பெரிய மரங்கள் எல்லாவற்றுக்கும், ‘முடியும்’ என்று விடை தந்தார்கள். ஆனால் கிரேஸ்ஃபுல் ஊகம் அப்படியே நிற்கிறது.

இதற்குப் பிறகு மற்றத் துறைகளுக்கு மேடையைக் கொடுத்தேன். இங்கே ஒரு நடைமுறை யோசனை. ‘உங்கள் துறையில் கிரேஸ் என்றால் என்ன?’ என்று கேட்டால் ஒவ்வொருவரும் அகராதி போலப் பேசுவார்கள். ‘கிரேஸ் இல்லை என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். ஒரே கேள்விதான், ஆனால் அதற்குத் துல்லியமான பதில் வரும்.

திருவான்மியூரில் நடனம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை அழைத்திருந்தோம். அவர் பேசவில்லை, தம் மாணவியை எழுந்து நிற்கச் சொன்னார். ஒரே நாட்டடவு, மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில். முதல் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது. மூன்றாம் காலத்துக்கு வந்ததும் தோள் லேசாகத் தூக்கியது. அரைமண்டி ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது. “அதோ, அதுதான் இல்லை” என்றார். தேவையில்லாத அசைவு மெதுவாக ஆடும்போது ஒளிந்துகொள்கிறது, வேகத்தில் வெளியே வந்துவிடுகிறது என்பது அவருடைய கணக்கு. நான் ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரை நினைவுபடுத்தினேன். 1852இல் அவர் எழுதிய சிறு கட்டுரை, நளினம் என்பது ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவது என்கிறது. நடனக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றிய எண்ணமாம். 1985இல் டமார் பிளாஷ், நெவில் ஹோகன் இருவரும், நம் கை ஒரு பொருளை எட்டும்போது முடுக்கம் திடீர் திடீரென்று மாறாதபடியான பாதையைத்தான் பிடிக்கிறது என்பதைச் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார்கள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எதுவும் மிகாது, எதுவும் திரும்ப வராது. லேபிளிங்கும் அதுதானே என்று தொடங்கினேன். ஆசிரியை கையை உயர்த்தினார்: “சிக்கனம்தான் எல்லாம் என்றால் ஆடாமல் உட்கார்ந்திருப்பதுதான் சிறந்த நடனம். இல்லையா?” அரங்கு கைதட்டியது. நானும் தட்டினேன், வேறு வழி?

அதுவரை வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த தமிழ்த் துறைப் பேராசிரியர் அப்போதுதான் வாய் திறந்தார். ஓய்வு பெற்றும் கல்லூரிக்கு வந்துகொண்டிருப்பவர், எங்கள் எல்லோருக்கும் ஐயா. “நீங்கள் இருவரும் முயற்சியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அருள் முயற்சிக்குக் கூலி அல்ல” என்று தொடங்கினார். சைவ சித்தாந்தத்தில் இறைவனுக்கு ஐந்தொழில்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இதில் நான்காவதுதான் விசேஷம் என்றார். உயிர் தன் வினையைத் துய்த்துப் பக்குவப்படுவதற்காக உண்மையை மறைத்து வைப்பதும் அருளின் வேலையே. கொடுப்பது மட்டுமல்ல, கொடுக்காமல் வைத்திருப்பதும். பிறகு வைணவத்துக்குப் போனார். தாயின் வயிற்றைக் குட்டி தானே பற்றிக்கொள்வது குரங்கின் வழி. குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போவது பூனையின் வழி. வடகலைக்கு முன்னது, தென்கலைக்குப் பின்னது. பற்றும் முயற்சி உயிரிடம் சிறிதாவது வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு அது.

நான் விடவில்லை. “ஐயா, எங்களிடமும் இரண்டும் உண்டு. நேர்வரிசைக்குச் சூத்திரம் இருக்கிறது, பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். பொதுவான மரத்துக்கு முறையே கிடையாது, தேடிக்கொண்டிருக்க வேண்டும், கிடைத்தால் கிடைத்ததுதான்” என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். “பொருந்தாது அம்மா. உங்கள் மரத்துக்கு விடை இருக்கிறதா என்பதே உங்களுக்குத் தெரியாது. எங்கள் வழக்கில் அருள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எப்படி வருகிறது என்பதில்தான் சண்டை.” அந்த மாலையில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான அடி அது. இப்படி உடைவதற்காகத்தான் இந்த மாதிரிக் கூட்டம் நடத்த வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லாத் துறையும் கடைசியில் ஒன்றையே சொல்கிறது என்று முடித்துவைக்க ஒருங்கிணைப்பாளர்களுக்கு எப்போதும் ஆசை இருக்கும். நன்றியுரையில் அதைச் சொல்லிவிட்டால் எல்லோரும் திருப்தியாக டீ குடிக்கப் போய்விடலாம். அதைச் செய்யாதீர்கள். எந்த இரண்டு துறைக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். லேபிளிங்கிலேயே புள்ளியின் எண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை, வித்தியாசத்துக்குத்தான்.

ராஜீவ் காந்தி சாலையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவன், தன் துறையில் கிரேஸ் என்றால் தோற்கும் விதம் என்றான். ஒரு பாகம் பழுதானால் முழு அமைப்பும் படுத்துவிடக் கூடாது; குறைந்த வசதியோடாவது ஓட வேண்டும். நிரலை நிறுத்தும்போதும் முதலில் ‘நிறுத்திக்கொள்’ என்று செய்தி அனுப்பி, கையில் உள்ள வேலையை முடிக்க அவகாசம் தர வேண்டும். நிரல்களை ஓட்டப் பலரும் பயன்படுத்தும் குபர்னெட்டிஸ் அமைப்பில், நாம் மாற்றாவிட்டால், இந்த அவகாசம் 30 வினாடி. அதற்குள் நிற்காவிட்டால் வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசியும் ஒருசேரப் போனதை எடுத்துச் சொல்லி, படிப்படியாகக் குறையாமல் ஒரேயடியாக இல்லாமல் போவதுதான் கிரேஸ் இல்லாத தோல்வி என்றான். சட்டம் படித்துக்கொண்டே எங்களிடம் மாலை வகுப்புக்கு வரும் ஒருவர், அரசியல் சாசனத்தின் 72, 161 பிரிவுகளைச் சுட்டினார்: குடியரசுத் தலைவரும் ஆளுநரும் தண்டனையைக் குறைக்கலாம், மன்னிக்கலாம். வணிகவியல் மாணவி ஒருத்திக்கு அது போதவில்லை. “கருணை மதிப்பெண்ணுக்கு மட்டும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்களே” என்றாள். தேர்வுத் துறையிலிருந்து வந்திருந்தவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் எதிர்பாராத ஆள் புவியியல் ஆசிரியர். அவர் வந்ததே பெயர்ப் பொருத்தத்துக்காக. 2002 மார்ச்சில் ஏவப்பட்ட ஒரு ஜோடி செயற்கைக்கோள்களுக்கு கிரேஸ் என்று பெயர். ஈர்ப்பு விசையை அளக்கும் திட்டத்தின் எழுத்துச் சுருக்கம், அவ்வளவுதான் உறவு. அதனால் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளக்க விளக்க நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். ஏறக்குறைய 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோள்களும் 2017 வரை பூமியைச் சுற்றின. கீழே நிறை அதிகமுள்ள இடம் வந்தால் முன்னால் போவது சற்று இழுபடும், இடைவெளி மாறும். மைக்ரோமீட்டர் அளவிலான அந்த மாற்றத்தைத்தான் அளந்தார்கள். அதை வைத்தே, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்திருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2009இல் வெளியான முடிவு. ஒரு கிணற்றில்கூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு நிலைகளின் வித்தியாசம் மட்டும்தான் தகவல். பெயரால் வந்து சேர்ந்தவர்தான் என் வேலைக்கு எல்லோரையும்விட நெருக்கமாக நின்றார்.

அதைக் கேட்ட இயற்பியல் துறை நண்பர், வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியாது என்று ஆட்சேபித்தார். அவருக்குப் படிகவியல். எக்ஸ் கதிர்ப் படத்தில் உள்ள புள்ளிகளின் செறிவிலிருந்து நேரடியாகக் கிடைப்பது அணுக்கள் இருக்கும் இடங்கள் அல்ல, அவற்றுக்கு இடையிலான தொலைவுகள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் போராடியது இதே கணக்கோடுதான். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தை வைத்து 1954இல் மூன்றிழை அமைப்பை முன்வைத்தவர் அவர். ஒரே தொலைவுகளைத் தரும் இரண்டு வெவ்வேறு அமைப்புகள் இருந்துவிட்டால்? இருக்கின்றன. கோலொமும் புளூமும் காட்டிய உதாரணத்தைப் பலகையில் எழுதினேன்: 0, 1, 4, 10, 12, 17 ஒரு வரிசை, 0, 1, 8, 11, 13, 17 இன்னொன்று. இரண்டிலும் எல்லா ஜோடிகளின் வித்தியாசத்தையும் எடுத்துப் பாருங்கள். அதே பதினைந்து எண்கள், ஒன்றும் திரும்ப வராமல். ஒன்றை இடவலமாகத் திருப்பினாலும் மற்றது வராது. இது சாத்தியமே இல்லை என்று ஒரு தேற்றம் பல பத்தாண்டுகளாக நம்பப்பட்டு வந்தது. இந்த ஆறு ஆறு எண்கள் அதைக் கவிழ்த்துவிட்டன. மாணவர்கள் கைபேசியை வைத்துவிட்டுத் தாளில் கழித்துப் பார்த்தார்கள். எனக்கு அந்த மாலையில் மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

இனி ஆராய்ச்சி மாணவர்களுக்கு, கொஞ்சம் கசப்பாக. தமிழ்நாட்டில் கிராஃப் லேபிளிங், அதாவது புள்ளியும் கோடுமான உருவங்களுக்கு எண் கொடுக்கும் துறை, செழித்து வளர்ந்திருக்கிறது. சோமசுந்தரம், பொன்ராஜ் இருவரும் 2003இல் முன்வைத்த சராசரி லேபிளிங் நம் பக்கத்தில் பிறந்தது. அதிலிருந்து பல கிளைகள் விட்டன. இந்தத் துறையின் முடிவுகளைத் திரட்டி ஜோசஃப் கேலியன் 1990களின் கடைசியிலிருந்து புதுப்பித்துவரும் தொகுப்பு அறுநூறு பக்கங்களைத் தாண்டிவிட்டது, அதில் குறிப்பிடப்படும் கட்டுரைகள் மூவாயிரத்துக்கும் மேல். செழிப்பில் களையும் உண்டு. ஒரு வளையத்தை எடுத்து, ஒரு விசிறியை ஒட்டி, அதற்கு ஒரு பெயர் வைத்து, அது கிரேஸ்ஃபுல் என்று காட்டி, அடுத்த மாதம் விசிறிக்குப் பதிலாகச் சக்கரத்தை ஒட்டுவது. இப்படியும் பட்டம் வாங்கலாம். ஆனால் நேர்முகத் தேர்வில் ‘இந்த உருவம் ஏன்?’ என்று ஒருவர் கேட்டால் பதில் இருக்காது. நான் என் மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: உன் உருவத்துக்கு எண் கொடுக்க முடிந்தது சரி, எந்த இடத்தில் முடியாமல் போயிருக்கும்? மெட்ரோ வளையத்தில் 325 ஒற்றைப்படையாக வந்து வழியை மறித்ததே, அப்படி ஒரு தடையை உன் உருவங்களின் குடும்பத்தில் காட்ட முடியுமா? தடையைக் காட்டிவிட்டு, அதைத் தாண்டுகிற மிகச் சிறிய மாற்றம் எது என்று எழுதினால் அது ஆய்வு.

வேறு சில சில்லறை யோசனைகள். கேலியனின் தொகுப்பைப் பார்க்காமல் எந்த உருவத்தையும் புதிது என்று நம்பாதீர்கள். எல்லாப் புள்ளியிலும் கோடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் முதலில் மொத்தக் கோடுகளை நான்கால் வகுத்துப் பாருங்கள். மீதி 1 அல்லது 2 என்றால் வீணாகத் தேட வேண்டாம். எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்த உருவம் நான்கு புள்ளிகள் வரைதான் கிரேஸ்ஃபுல். நான்குக்கு விடை 0, 1, 4, 6. கணினியை எடுப்பதற்கு முன் பத்துப் பன்னிரண்டு கோடுகள் உள்ள உருவங்களைக் கையால் போட்டுப் பாருங்கள், எங்கே இறுகுகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

மரங்களில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு லாப்ஸ்டர் மரங்களைச் சொல்வேன். நுனிப் புள்ளிகளை எல்லாம் கிள்ளிவிட்டால் நேர்வரிசை மிஞ்சுமானால் அது கம்பளிப்பூச்சி மரம். அவை எல்லாமே கிரேஸ்ஃபுல் என்று ரோசா காலத்திலேயே தெரியும், இலக்கிய மாணவியின் மாறி மாறி வைக்கும் முறையைச் சற்று விரித்தால் போதும். நுனிகளைக் கிள்ளினால் கம்பளிப்பூச்சி மிஞ்சுகிற மரம் லாப்ஸ்டர். அவை அனைத்தும் கிரேஸ்ஃபுல் என்று 1979இல் பெர்மோன் ஊகித்தார், இன்னும் முடியவில்லை. கம்பளிப்பூச்சியாக இல்லாத மிகச் சிறிய லாப்ஸ்டருக்கு ஏழே புள்ளிகள்: நடுவில் ஒன்று, அதிலிருந்து மூன்று கால்கள், ஒவ்வொரு காலிலும் இரண்டு புள்ளிகள். நடுவில் 0 வையுங்கள். முழங்கால்களில் 6, 5, 3. ஆறின் நுனியில் 2, ஐந்தின் நுனியில் 4, மூன்றின் நுனியில் 1. கழித்துச் சரிபார்த்துவிட்டு இன்னொரு விடையை நீங்களே தேடுங்கள். எல்லா எண்ணையும் 6இலிருந்து கழித்துக் கொண்டுவந்தால் அது கணக்கில் சேராது.